மாலைநேர விஞ்ஞானமும் ஆரம்பப் பாடசாலைச் சிறுவரும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் தாம் பயின்ற காலத்து ஆசிரியர்களையும் விளையாட்டுக்களத்து வெற்றிகளையும் நினைவுகூர்தல் வழக்கம். அவ்வழக்கம் போற்றுதற்குரியதே. ஆயினும், இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராகவும் பாட்டன்மாராகவும் இருக்கின்றனர். ஆதலால், பழமையை நினைப்பதோடு அமையாது, நம் வீடுகளில் வளரும் ஆறு முதல் பத்து வயதுச் சிறுவரைப் பற்றியும் சில கூற விழைகின்றேன். அவர்களுக்கு விஞ்ஞானத்தை எப்பொழுது, எங்கே, எவ்வாறு அறிமுகஞ் செய்தல் தகும்? பாடசாலை விட்டபின் வரும் மாலைப்பொழுதே அதற்கு ஏற்ற காலம் என்பதும், பொருளைக் கண்டறிதல் முன்னும் அதன் பெயரறிதல் பின்னுமாக அமைதலே அதற்கு ஏற்ற முறை என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

விஞ்ஞானம் தொடங்கும் வயது

விஞ்ஞானம் ஆறாந் தரத்திலே தொடங்குகின்றது என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். பாடநூலைப் பொறுத்தவரையில் அஃது உண்மை. பிள்ளையைப் பொறுத்தவரையில் அஃது உண்மையன்று. கிணற்றுக்குள்ளே கூவித் தன் குரல் திரும்பி வருதலைக் கேட்டு வியக்கும் பிள்ளை ஒலியைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து ஊதும் சிறுவன், சிறிய சுருளுக்கும் பெரிய சுருளுக்கும் ஓசை வேறுபடுதலை எவரும் கற்பியாமலே கண்டுகொள்கின்றான். முற்றத்தில் எறும்பு நிரையைக் கண்டு குந்தியிருக்கும் சிறுமி, இடையிலே ஒரு தடியை வைத்தால் எறும்புகள் என்ன செய்யும் என்று பார்க்கின்றாள். இவை யாவும் விளையாட்டு என நமக்குத் தோன்றும். ஆனால் நோக்குதல், வினாவுதல், மாற்றிப் பார்த்தல் என்னும் மூன்று செயல்களும் இவற்றில் உள்ளன. விஞ்ஞானிகளும் இம்மூன்றையே செய்கின்றனர்.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை நெடுங்காலம் ஆராய்ந்த சுவிற்சலாந்து அறிஞர் ழான் பியாஜே (1896-1980), ஏழு வயது முதற் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள் கையிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே தெளிவாகச் சிந்திப்பர் என்றும், வெறுங் கருத்துகளைக் கொண்டு சிந்திக்கும் ஆற்றல் அதன் பின்னரே வளரும் என்றும் விளக்கினார். ‘அமுக்கம்’ என்ற சொல்லின் வரைவிலக்கணத்தை எட்டு வயதுப் பிள்ளை மனனஞ் செய்யலாம். ஆனால் அதனாற் பயன் சிறிது. நீர் நிரம்பிய கோப்பையை ஒரு கடதாசி மட்டையால் மூடித் தலைகீழாகப் பிடித்து, நீர் கொட்டாதிருத்தலைக் கண்ட பிள்ளைக்கு, அச்சொல் பின்னாளில் வரும்போது அது போய்ப் பொருந்துவதற்கு ஓர் இடம் இருக்கும்.

மாலைப்பொழுது எதற்காக?

நம் நாட்டின் ஆரம்ப வகுப்புகளிற் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அதன் நோக்கம் நன்றே. ஆயினும் ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது பிள்ளைகள். ஒரு பாடத்திற்குக் குறித்த நிமிடங்கள். முடித்தாக வேண்டிய பாடத்திட்டம். இவற்றின் மேல் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. இவற்றிடையே ஆசிரியர் எத்துணை ஆர்வமுடையவராயினும், “நாளைக்கும் வந்து பார்ப்போம்” என்று கூற அவருக்கு ஓய்வில்லை. பயற்றை விதை முளைப்பதற்குச் சில நாட்கள் வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் புழு கூட்டுப்புழுவாகி இறகு விரிப்பதற்குச் சில வாரங்கள் வேண்டும். நிழல் வடக்கிலிருந்து தெற்கே மாறுவதற்கு மாதங்கள் வேண்டும். இயற்கை நம் நேரசூசிக்கு அடங்கி நடப்பதன்று.

பாடசாலை விட்டபின் கூடும் சிறு குழுவுக்கு இத்தடைகள் இல்லை. அங்கே புள்ளி இல்லை, பரீட்சை இல்லை, முடிக்க வேண்டிய அத்தியாயம் இல்லை. ஆனால் உண்மையை மறைக்காது கூறின், நம் பிள்ளைகளின் மாலைப்பொழுது இன்று வெறுமையாகக் கிடக்கவில்லை. ரியூசன் வகுப்புகள் அதனை எடுத்துக்கொண்டுவிட்டன. காலையில் ஒரு முறை கேட்ட விடையை மாலையில் மறுமுறை கேட்டு, இரவில் மும்முறை எழுதிப் பழகும் பிள்ளை விடையெழுதுவதில் வல்லதாகின்றது, வினாவுதலை மறந்துவிடுகின்றது. இது சிறிய இழப்பன்று. ஏழு நாள் மாலைகளில் ஒன்றையேனும் வினாவுக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முன்னோர் காட்டிய வழி

இம்முயற்சி புதியதன்று. இலண்டனில் உள்ள றோயல் நிறுவனத்தில் 1825ஆம் ஆண்டு தொடக்கம் நத்தார் விடுமுறையில் இளைஞருக்கெனச் செய்முறை விளக்கங்களோடு கூடிய விஞ்ஞான விரிவுரைகள் நடைபெற்று வருகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சில ஆண்டுகள் மட்டுமே அவை தடைப்பட்டன. அவ்வரிசையிற் பத்தொன்பது தொடர்களை நிகழ்த்தியவர் மைக்கேல் பரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதிற் புத்தகங் கட்டும் தொழில் பயிலச் சென்ற அவர், பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். 1810ஆம் ஆண்டிலிருந்து, பகல் வேலை முடிந்தபின், தலைக்கு ஒரு சிலிங் கட்டணத்தில் நடைபெற்ற மாலை விரிவுரைகளைக் கேட்டே அவர் விஞ்ஞானத்தின் வாயிலை அடைந்தார். தமக்கு மாலைப்பொழுது அளித்த கல்வியை அவர் பின்னர்ச் சிறுவருக்குத் திருப்பி அளித்தார் எனலாம். அவருடைய விரிவுரைகளுள் மிகவும் புகழ்பெற்றது ஒரு சாதாரண மெழுகுதிரியைப் பொருளாகக் கொண்டது. 1860ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் இறுதி முறையாக நிகழ்த்தப்பட்டது.

விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்று அஞ்சுவார்க்கும் விடை உண்டு. இரண்டாம் உலகப் போரினால் அழிந்த நாடுகளின் ஆசிரியருக்கு உதவும் பொருட்டு, எளிய பொருள்களைக் கொண்டு கருவிகள் ஆக்கும் முறைகளைத் தொகுத்து யுனெஸ்கோ நிறுவனம் ஒரு நூலை வெளியிட்டது. அது விரிவாக்கப்பட்டு, விஞ்ஞானம் கற்பிப்போருக்கான மூலநூலாக 1956இல் வெளிவந்தது. வெற்றுப்பேணி, போத்தல், நூல், பழைய மின்குமிழ் ஆகியனவே அதிற் கூறப்படும் கருவிகளுட் பல. போரினால் ஆய்வுகூடங்களை இழந்து மீண்டும் கட்டியெழுப்பிய நம் மண்ணுக்கு அந்நூலின் நோக்கம் நன்கு விளங்கும். அண்டைநாட்டிலும் 1962இற் கேரள சாத்திர சாகித்திய பரிசத்தும், 1980இற் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் தோன்றி, பாடசாலைக்கு வெளியே சிறுவரிடத்து விஞ்ஞானத்தைக் கொண்டு சென்றுள்ளன.

மெழுகுதிரி தந்த பாடம்

பரடேயின் மெழுகுதிரியைப் பற்றிக் கூறும்போது, என் பிழை ஒன்றையும் கூறுதல் முறையாகும். தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுதிரியை ஏற்றி, அதன்மேற் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சுடர் அணையும். நீர் குவளைக்குள் ஏறும். “எரியும்போது ஒட்சிசன் முடிந்துவிட்டது, வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன், ஆதலால் ஐந்திலொரு பங்கு நீர் ஏறியது” என்று எனக்குக் கற்பித்தார்கள். ஆசிரியனான பின்னர் நானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை, பரீட்சையிலும் அதற்குப் புள்ளி கிடைத்தது.

ஓய்வு பெற்றபின் அயலிலுள்ள வாசிகசாலையிற் சில பிள்ளைகளைக் கூட்டி இதனைச் செய்து காட்டினேன். நான்காந் தரத்திற் படிக்கும் சிறுமி ஒருத்தி, “சேர், இரண்டு மெழுகுதிரி வைத்தால் தண்ணீர் இன்னும் கூட ஏறுமோ?” என்று கேட்டாள். “ஏறாது; உள்ளே இருக்கும் ஒட்சிசன் ஒரே அளவுதானே” என்று கூற வாயெடுத்தேன். ஆனால் பிள்ளைகளைச் செய்து பார்க்கும்படி தூண்டிய நானே செய்து பாராமல் மறுத்தல் தகாது என்று தோன்றியது. இரண்டு வைத்தோம், நீர் கூட ஏறியது. மூன்று வைத்தோம்; அதனினும் கூட ஏறியது. சுடர் எரிந்துகொண்டிருக்கையில் நீர் சிறிதே ஏறுதலையும், அணைந்த பின்னரே விரைந்து ஏறுதலையும் அன்றுதான் கவனித்தேன். குவளையைக் கவிழ்க்கும் வேளையில் விளிம்பின் கீழாகக் குமிழிகள் வெளியேறுதலை மற்றொரு சிறுவன் காட்டினான்.

உண்மை இதுவே. சுடரின் வெப்பத்தால் வளி விரிகின்றது. அதில் ஒரு பங்கு குமிழிகளாக வெளியேறுகின்றது. சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்குகின்றது. வெளியேயுள்ள வளியின் அமுக்கம் நீரை உள்ளே தள்ளுகின்றது. ஒட்சிசன் முற்றாக முடிவதில்லை; அதன் பெரும்பகுதி எஞ்சியிருக்கையிலேயே சுடர் அணைந்துவிடும். செலவான ஒட்சிசனுக்கு ஈடாகக் காபனீரொட்சைட்டும் நீராவியும் தோன்றுகின்றன. அந்நீராவி குளிர்ந்து நீராதலும் ஏற்றத்திற்குச் சிறிது துணைசெய்யும். இதனை உறுதிப்படுத்த அடுத்த வாரம் சுடரே இல்லாமல் ஒரு பரிசோதனை செய்தோம். வெந்நீரினாற் போத்தல் ஒன்றைச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, வாய்ப்புறத்தைத் தட்டிலுள்ள நீரிற் கவிழ்த்தோம். போத்தல் குளிரக் குளிர நீர் உள்ளே ஏறியது. அங்கே எரிந்த பொருள் யாதுமில்லை!

ஒரு தலைமுறை மாணாக்கருக்கு நான் கற்பித்த பிழையை ஒன்பது வயதுப் பிள்ளையின் ஒரு வினா திருத்தியது. வகுப்பறையில் அவ்வினா எழவில்லையே என்று நான் வியப்பதில்லை. அது எழுவதற்கு நான் நேரம் விட்டிருக்கவில்லை.

நம் மண்ணில் உள்ள பாடங்கள்

மாலைநேரக் குழுவுக்குரிய பாடங்களைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. முதலாவது, நிழல். ஒரு மீற்றர் நீளமான தடியை வெளியான நிலத்திற் செங்குத்தாக நட்டு, விடுமுறை நாட்களில் நண்பகலில் அதன் நிழலை அளந்து குறித்து வருதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கன்று. ஆண்டின் காலத்திற்கேற்பச் சற்று மாறுபட்டு, பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் பிந்தியே வரும். ஆதலால், அவ்வேளையில் நிழலைப் பலமுறை அளந்து மிகக் குறுகியதைக் கொள்க. மார்கழியில், டிசெம்பர் 22ஐ ஒட்டி, அந்நிழல் ஏறத்தாழ 65 சதமமீற்றர் நீளமாக வடக்கே விழும். பின் குறுகிக்கொண்டே வந்து, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் தடியின் அடியிலேயே மறைந்துபோகும். அதன் பின்னரே வியப்பு: நிழல் தெற்கே விழத் தொடங்கி, ஜூன் 21ஐ ஒட்டி ஏறத்தாழ 25 சதமமீற்றர் வரை வளரும். ஓகத்து மாத இறுதியில் மீண்டும் மறைந்து வடக்கே திரும்பும். நண்பகல் நிழல் இரு திசையிலும் விழும் நாட்டில் வாழ்கின்றோம் என்பதை நம்மில் எத்தனை பேர் கண்ணாற் கண்டிருக்கின்றோம்? நாம் மத்தியகோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் உள்ளோம் என்பதன் பொருள் இத்தடியின் அடியிற் கிடக்கின்றது.

இரண்டாவது, கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பது மழையாகப் பெய்து சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி நிற்கும் நீரையே. சம அளவான கிணற்று நீரையும் மழைநீரையும் இரு போத்தல்களில் எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி, நிலைத்த நுரை உண்டாக எத்தனை துளி வேண்டும் என்று பிள்ளைகள் எண்ணட்டும். மழைநீருக்குச் சில துளிகளே போதும். சுண்ணாம்புக்கற் பகுதிக் கிணற்று நீருக்கு மிகப் பல வேண்டும். அடுத்து, முற்றத்துச் சுண்ணாம்புக்கல்லின் துண்டொன்றைத் தேசிக்காய்ப் புளியில் இடுக, குமிழிகள் எழும். கேத்திலின் உட்புறத்திற் படிந்த வெண்பொருக்கைச் சுரண்டி இடுக. அதிலும் குமிழிகள் எழும். “அப்படியானால் கல் கேத்திலுக்குள் எப்படி வந்தது?” என்று ஒரு பிள்ளை கேட்கும். அவ்வினாவைக் கேட்கும் வரை ஆசிரியர் பொறுத்திருத்தல் வேண்டும். நீர் கல்லைக் கரைத்துக் கொண்டுவந்து, கொதிக்கும்போது அதனை விட்டுச் செல்கின்றது என்பதைப் பிள்ளைகள் தாமே கூட்டிக்கொள்வர்.

இதனோடு தொடர்புடைய மற்றொன்றும் உண்டு. கண்ணாடிக் குவளையில் நிறமூட்டிய உப்புநீரை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாக நன்னீரை மெல்ல வார்த்தால், நன்னீர் மேலே தனித்து நிற்கும். நம் நிலத்தின் கீழும் நன்னீர் கடல்நீரின்மேல் இவ்வாறே மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலே ஒரு மீற்றர் உயரம் நன்னீர் நிற்குமிடத்து, அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் இருத்தல் கூடும் என்பது நிலத்தடி நீர் பற்றிய கணிப்பு. ஆகவே மேலே நீர்மட்டம் சிறிது தாழினும் கீழே உவர்நீர் பெரிதும் மேலேறும். துலாவால் இறைத்த காலத்திலும், இயந்திரத்தால் இறைக்கும் காலத்திலும் எடுக்கப்படும் நீரின் அளவு ஒன்றன்று. கிணற்று நீர்மட்டத்தைப் பெரியவர் ஒருவர் முடிச்சிட்ட கயிற்றால் வாரந்தோறும் அளக்க, பிள்ளைகள் அதனை ஓராண்டு குறித்து வருவார்களாயின், ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் உயர்தலையும் கோடையிற் தாழ்தலையும் கோட்டுப்படமாகவே காண்பர். அப்பிள்ளைகள் வளர்ந்து நிலத்தையும் நீரையும் ஆளும் நாளில், நீரை வீணாக்கலாகாது என்று எவரும் அவர்களுக்குப் போதிக்க வேண்டியிராது. இவ்விடத்து விஞ்ஞானக் கல்வி என்பது நம் ஊர் வாழுமா என்னும் வினாவோடு இணைந்து நிற்கின்றது.

நடத்தும் முறை

குழுவிற் பதினைந்து பிள்ளைகள் போதும். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்திருத்தல் நன்று. பாடசாலை மண்டபமோ, வாசிகசாலையோ, மரநிழலோ இடமாகலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். முதலிற் பொருளைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, என்ன நிகழும் என்று முன்கூட்டியே கூறச் செய்க. பின்பு அவர்களே செய்க, கண்டதை வரைக. விளக்கமும் விஞ்ஞானப் பெயரும் இறுதியில் வருக. பிள்ளை கூறியது பிழையாயின் நகைத்தலும் உடனே திருத்தலும் வேண்டா. “செய்து பார்ப்போம்” என்பதே மறுமொழியாகுக. விடை தெரியாதபோது தெரியாது என்று கூறப் பெரியோர் நாணலாகாது.

எச்சரிக்கைகளும் சில உண்டு. நெருப்பையும் வெந்நீரையும் பெரியவரே கையாளல் வேண்டும். ஞாயிற்றை நேரே நோக்குதலும் வில்லையினூடாக நோக்குதலும் அறவே விலக்கப்படுக. மின்சாரம் பற்றிய பரிசோதனைக்கு மின்சூளுக்குரிய சிறு பற்றரிகளே தக்கன. வீட்டு மின்னிணைப்பைத் தொடலாகாது. மாயவித்தை போற் செய்து காட்டிக் கைதட்டல் பெறுதல் விஞ்ஞானமன்று. பிள்ளை தன் கையாற் செய்யாதது அதன் மனத்தில் நிலையாது. பரிசும் போட்டியும் இங்கே வேண்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, இம்மாலை மற்றொரு ரியூசன் வகுப்பாக மாறிவிடாமற் காத்தல் வேண்டும்.

உரையாடல் தமிழிலேயே நடைபெறுக. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களும் ஆக்குவித்த மருத்துவர் சாமுவேல் கிறீன் வாழ்ந்த நாடு இது. சிறுவரின் வினாக்களுக்குத் தமிழிற் சொற்பஞ்சம் நேராது.

பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம்

நம் கல்லூரி மருத்துவரையும் பொறியியலாளரையும் ஆசிரியரையும் கமக்காரரையும் உருவாக்கியிருக்கின்றது. அவர்கள் கல்லூரிக்குக் கட்டடம் தந்திருக்கின்றனர்; கருவிகள் தந்திருக்கின்றனர். அவை மறக்கற்பாலன அல்ல. ஆனால் இம்முயற்சிக்கு வேண்டுவது பெரும்பணம் அன்று. மெழுகுதிரி, போத்தல், தடி, கயிறு, ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல் ஆகியவை எந்த வீட்டிலும் கிடைக்கும். வேண்டுவது, தம் அயலிலுள்ள ஆரம்பப் பாடசாலைக்குச் சென்று, அதிபரின் இசைவைப் பெற்று, வாரத்தில் ஒரு மாலையைப் பிள்ளைகளோடு கழிக்க முன்வரும் ஒருவரே. விஞ்ஞானம் கற்றவராகத்தான் இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. நெல்லையும் புகையிலையையும் அறிந்த கமக்காரரும், வாடைக்காற்றையும் சோளகத்தையும் அறிந்த கடற்றொழிலாளரும் சிறந்த ஆசிரியராவர்.

முன்னர்க் கூறிய சிறுமி அடுத்த வாரம் வாசிகசாலைக்கு வந்தபோது, நான்கு மெழுகுதிரிகளையும் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அவளுக்கு நான் சொல்லக்கூடிய விடை எதுவும் இருக்கவில்லை. தட்டில் நீரை ஊற்றி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு நானும் குந்தியிருந்து பார்த்தேன்.